ஐந்தாம் பலகை

எங்கள் மல்யுத்த மேடைக்கு எட்டுப் பலகைகள். 8 அடிக்கு 4 அடி ப்ளைவுட், 18 மில்லிமீட்டர் கனம். மேடை 16 அடிக்கு 16 அடி என்பதால் கணக்கு மிகச் சரியாக எட்டில் முடிந்துவிடும். ஒரு துண்டுகூட வெட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு பலகையின் அடிப்பக்கத்திலும் வெள்ளைப் பெயிண்டில் எண் எழுதி வைத்திருக்கிறேன். வண்டியிலிருந்து இறக்கும்போது எந்தப் பலகையை யார் தூக்கினாலும் நான் கண்டுகொள்வதில்லை. ஐந்தாம் பலகைக்கு மட்டும் ஒரு முனையில் நான் நின்றாக வேண்டும். புதிதாகச் சேரும் பையன்கள் இதை ஏதோ சாங்கியம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. காரணம் வேறு. அதைச் சொல்வதற்கு முன் மேடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்டத்தைப் பார்த்தவர்கள்கூட மேடையைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எனக்குக் கோயம்புத்தூரில் கணபதி பக்கம் ஒரு வெல்டிங் பட்டறை. கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி, பம்பு செட்டுக்கு அடித்தகடு, கோழிப் பண்ணைக்குக் கூரைச் சட்டம் என்று எது வந்தாலும் செய்வோம். 2017இல் பல்லடத்திலிருந்து ஒருவர் வந்தார். பிராய்லர் பண்ணை வைத்திருப்பவர், அவருக்கு முன்பு ஷெட் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இந்த முறை கையில் ஷெட் வரைபடம் இல்லை. கைப்பேசியில் ஒரு படம் இருந்தது. நான்கு கம்பம், மூன்று கயிறு, நடுவில் ஒரு மேடை.

“அண்ணா, இதன்மேல் பையன்கள் விழ வேண்டும்ங்க. விழுந்தவன் எழுந்து நிற்க வேண்டும். அப்படி ஒன்று செய்து கொடுங்க” என்றார்.

அவர் பஞ்சாபுக்குப் போய் ஓராண்டு தொழில்முறை மல்யுத்தம் பயின்று வந்தவர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். தி கிரேட் காளி என்று உலகம் அறிந்த தலிப் சிங் ராணா 2015இல் ஜலந்தரில் பயிற்சிப் பள்ளி தொடங்கிய பிறகு, வடக்கே போய்க் கற்றுக்கொள்ளலாம் என்ற எண்ணமே நம் பக்கத்துப் பையன்களுக்கு வந்தது. போதாததற்கு 2017 மே மாதம் கனடாவில் பிறந்த பஞ்சாபியான ஜிந்தர் மஹால், அமெரிக்க மல்யுத்த நிறுவனமான டபிள்யூடபிள்யூஈயின் பட்டத்தை வென்றிருந்தார். உடற்பயிற்சிக் கூடங்களில் எல்லாம் அதே பேச்சு. பல்லடத்துக்காரர் என்னைவிட வயதில் இளையவர். ஆனாலும் எல்லோரையும் போல நானும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிடுகிறேன்.

என் வயதுக்காரர்களுக்கு இந்த ஆட்டம் பெட்டிக்கடையில் விற்ற அட்டைக் கட்டில் தொடங்கியது. உயரம், எடை, தரவரிசை எல்லாம் அச்சிட்ட அட்டைகள். அண்டர்டேக்கர் என்ற வீரருக்கு ஏழு உயிர் என்று எங்கள் பள்ளிக்கூடமே நம்பியது. என் அப்பிச்சிக்கோ, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, தாராசிங், கிங்காங் என்ற அந்தக் கால மல்லர்கள். 1987இல் தொலைக்காட்சி இராமாயணத்தில் தாராசிங் அனுமனாக வந்தபோது அப்பிச்சி எழுந்து நின்று கும்பிட்டாராம். கும்பிட்டது அனுமனையா, தாராசிங்கையா என்று அம்மிச்சி கேட்டதற்கு அவர் பதில் சொல்லவே இல்லை என்று அம்மா இன்றும் சொல்வார்.

மேடையைக் கட்ட எனக்கு நான்கு மாதம் ஆனது. படத்தைப் பார்த்து அளவெடுத்துவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. கேட் என்றால் கனமாக இருந்தால் போதும். இது கனமாகவும் இருக்க வேண்டும், இளகவும் வேண்டும். முதலில் கம்பங்களுக்கிடையே சட்டம் கொடுத்து, நடுவில் உக்கடத்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து வாங்கி வந்த லாரியின் பட்டை ஸ்பிரிங்கை வைத்துப் பார்த்தேன். மாஸ்டர் ஒரு முறை முதுகால் விழுந்துவிட்டு, பேசாமல் எழுந்து போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். சிமெண்ட் தரையில் விழுந்ததுபோல் இருந்ததாம். அதைக் கழற்றிவிட்டுச் சுருள் ஸ்பிரிங் வைத்தேன். அது அதிகமாகத் துள்ளியது. விழுந்தவன் உடம்பு மறுபடி மேலே எழும்பிக் கழுத்து சொடுக்கியது. மூன்றாவதாக வைத்த ஸ்பிரிங்தான் இன்றுவரை இருக்கிறது. வெளிநாட்டுச் சிறு குழுக்களில் பலர் ஸ்பிரிங்கே இல்லாமல் உத்திரம் வளைவதை மட்டும் நம்புகிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். எங்கள் பையன்களின் முதுகுக்கு ஸ்பிரிங் ஒத்துவந்தது. அதை மாற்ற எனக்கு மனமில்லை.

அடுத்த சிக்கல் வண்டி. எங்களிடம் இருப்பது டாடா 407. 16 அடி உத்திரம் அதில் ஏறாது. ஆகவே ஒவ்வொரு உத்திரத்தையும் எட்டெட்டு அடியாக இரண்டாக வெட்டி, சேரும் இடத்தில் இருபுறமும் தகடு வைத்துப் போல்ட் போட்டேன். சுற்றிலும் நான்கு உத்திரம், குறுக்கே இரண்டு. ஆறு இணைப்பு, இணைப்புக்கு நான்கு போல்ட். மூலைக் கம்பங்களுக்குப் பதினாறு. ஆக நாற்பது. இந்த நாற்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கயிறு என்று சொல்கிறோமே தவிர, எங்களுடையது இரும்புக் கம்பி வடம். உலகின் பெரிய நிறுவனமான டபிள்யூடபிள்யூஈயில் உண்மையான நார்க் கயிற்றின்மேல் டேப் சுற்றுகிறார்கள். சிறு குழுக்கள் பலவற்றில் கம்பி வடத்தை ரப்பர்க் குழாய்க்குள் நுழைத்து மேலே டேப் சுற்றுவதுதான் வழக்கம். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாய் நம் ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்கும். மின்கம்பத்துக்கு இழுவைக் கம்பி கட்டும்போது போடும் டர்ன்பக்கிள்தான் மூலைகளில் அந்த வடத்தை இழுத்துப் பிடிப்பது. இழுவை தளர்ந்தால் ஓடிவந்து முதுகைச் சாய்ப்பவன் வெளியே போய் விழுவான். அதிகம் இறுக்கினால் விலா எலும்பில் வரிவரியாகக் கன்றிப்போகும். எங்கள் பையன்களைச் சட்டை இல்லாமல் பார்த்தால், முந்தைய வாரம் நான் எவ்வளவு இறுக்கினேன் என்பதை அவர்கள் முதுகிலேயே படித்துவிடலாம்.

பலகைக்கு மேலே ஓர் அங்குல ஃபோம், அதற்கு மேலே கித்தான். தார்ப்பாய் வழுக்கும் என்பதால் ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் தடித்த பருத்தித் துணி வாங்கி ஒட்டுத் தைத்தோம். பஞ்சு மெத்தை போல என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். ஓர் அங்குலம்தான். அதற்குக் கீழே மரம், அதற்குக் கீழே இரும்பு. விழும்போது எழும் அந்தப் பெரிய சத்தம் மேடைக்கு அடியில் காலியாக இருப்பதால் வருவது. பெரிய அரங்குகளில் அடியில் மைக் வைத்து அதை இன்னும் பெருக்குவார்கள். எங்களுக்கு மைக் தேவைப்பட்டதில்லை.

பயிற்சி நடந்தது மாஸ்டரின் பழைய கோழி ஷெட்டில். நீளமான கூரை, இரண்டு பக்கமும் கம்பி வலை, தரையில் எத்தனை முறை கழுவினாலும் போகாத சுண்ணாம்பு வாடை. முதல் மூன்று மாதம் பையன்களுக்கு அடிக்கவோ தூக்கவோ கற்றுத்தரவில்லை. விழ மட்டுமே கற்றுத்தந்தார். தாடை நெஞ்சைத் தொட வேண்டும். அப்போதுதான் பின்மண்டை தரையில் படாது. மூச்சை விழும்போது வெளியே விட வேண்டும். கைகள் இரண்டையும் பக்கவாட்டில் விரித்து, உள்ளங்கை தரையில் அறைய வேண்டும். மேல்முதுகு முழுவதும் ஒரே கணத்தில் படிய வேண்டும். முழங்கையை ஊன்றியவன் அன்றைக்கு வீட்டுக்குப் போகலாம். தென்னை நார் மெத்தையில் ஆரம்பித்து என் மேடைக்கு வருவதற்குள் பத்துப் பேரில் ஆறு பேர் நின்றுவிட்டார்கள்.

முதல் நாளே மாஸ்டர் அவர்களிடம் ஒரு கதை சொன்னார். மிட்சுஹரு மிசாவா என்ற ஜப்பானியர் இந்தக் கலையின் மிகப் பெரிய பெயர்களில் ஒருவர். 2009 ஜூன் 13 அன்று ஹிரோஷிமாவில், எத்தனையோ ஆண்டுகளாக விழுந்து பழகிய பின்புற வீச்சு ஒன்றில் விழுந்து அந்த இரவே இறந்துபோனார். வயது 46. “நூறு முறை சரியாக விழுந்தாயா என்று யாரும் கேட்கப்போவதில்லை தம்பி, இன்றைக்கு விழப்போகிற ஒன்றுதான் கணக்கு” என்று முடித்தார். ஷெட்டின் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, என் போல்ட்டுகளைப் பற்றிச் சொல்வதுபோல் இருந்தது.

அந்த ஷெட்டில்தான் இந்த ஆட்டம் உண்மையில் என்னவென்று எனக்குப் புரிந்தது. தூக்கி வீசப்படுகிறவன் தானும் எம்ப வேண்டும். இல்லாவிட்டால் தூக்குகிறவனின் இடுப்பு போய்விடும். வீசுகிறவன் கடைசிக் கணம்வரை எதிராளியின் கழுத்தையோ இடுப்பையோ விடுவதில்லை. பிடி போடுவதெல்லாம் பெரும்பாலும் இடப்பக்கம்தான். அமெரிக்கா, ஜப்பான் எங்கும் அப்படி, மெக்சிக்கோவில் மட்டும் வலப்பக்கம். அறிமுகமே இல்லாத இருவர் ஒரு மேடையில் ஏறினாலும் எந்தக் கை வரும் என்று இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக உண்டான ஒழுங்கு அது. தலைமுடியைப் பிடித்து இழுக்கும்போதும் காதருகே மெதுவாகக் கேட்பார்கள்: “சரியாக இருக்கிறாயா?” இப்படி ஒருவர் உடம்பை ஒருவர் கண்ணாடிப் பாத்திரம்போல் ஏந்திக்கொண்டே, ஊரை நம்பவைக்கும் அளவுக்குப் பகையும் காட்ட வேண்டும். எனக்குத் தெரிந்த எந்த வேலையிலும் இவ்வளவு கடினமான மரியாதை கிடையாது.

உடைகள் திருப்பூர் அக்காவின் பொறுப்பு. பனியன் கம்பெனியில் இருபது வருடமாகப் பவர் டேபிள் தையல் எந்திரத்தில் உட்கார்ந்திருப்பவர். கம்பெனிகளில் மிஞ்சும் லைக்ரா கட்பீஸ்களை எடைக்கு வாங்கி வருவார். சாதாரண சிங்கர் தையல் போட்ட கால்சட்டை முதல் பயிற்சியிலேயே கிழிந்தது. துணி நீளும்போது நூல் நீளாததால் பட்டென்று அறுந்துவிடும் என்று அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான்கு நூல் ஓவர்லாக்கில் இணைத்து, உடம்பில் உரசும் இடங்களில் பேட்லாக் போட்டுத் தட்டையாக்கித் தருவார். ஜிப் வைக்கச் சொன்னால் திட்டுவார். விழும்போது முதுகில் குத்தும். “பார்க்கிறவர்களுக்கும் தையல் தெரியக் கூடாது, போட்டிருக்கிற பிள்ளைக்கும் தெரியக் கூடாதுங்க தம்பி” என்பார். அக்கா இதுவரை ஒரே ஒரு ஆட்டம்தான் முழுதாகப் பார்த்திருக்கிறார். மற்ற நாட்களில் திரைக்குப் பின்னால் ஊசி நூலோடு நிற்பார், என் பக்கத்தில்.

பெரிய நிறுவனங்களில் அந்த இடத்துக்குப் பெயர் உண்டு: கொரில்லா பொசிஷன். கொரில்லா மான்சூன் என்ற பழைய வீரர் திரைக்குப் பின்னால் அங்கேயே நிற்பாராம், அவர் பெயரே இடத்துக்கும் ஒட்டிக்கொண்டது. எங்களுக்கு அது ஒரு சாமியானாத் துணி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு டார்ச் லைட். நடுவராக வருபவர் கபடிப் போட்டிகளுக்கு நடுவராகப் போய்ப் பழகிய தம்பி. திரையின் ஓரத்தில் நான் டார்ச்சை ஒரு முறை அடித்தால் ஐந்து நிமிடம் பாக்கி. இரண்டு முறை என்றால் முடிக்க வேண்டும். அதை அவர் பார்த்துவிட்டு, கீழே கிடப்பவனின் தோளைத் தட்டுவதுபோல் குனிந்து சொல்லிவிடுவார். ஆடுகிறவர்களுக்கு நேரம் தெரியாது. தெரியவும் கூடாது. அந்தக் கவலையை வேறொருவர் சுமக்க வேண்டும்.

நேரம் எங்களுக்கு விளையாட்டல்ல. இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும் என்பது சட்டம், காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறோம். தாராபுரத்துப் பக்கம் ஒரு மாரியம்மன் நோம்பியில் எங்கள் முதல் ஆட்டம். 2018. கோயில் முன்னால் கம்பம் நட்டிருந்தார்கள். சுற்றிலும் கம்பத்தாட்டம் முடிந்து பறைச்சத்தம் ஓய்ந்த பிறகே எங்களுக்கு இடம் விட்டார்கள். ஐந்து ஆட்டத்தை மூன்றாகச் சுருக்கினோம். மாவுமில்லில் வேலை செய்கிற, வாய்திறந்து நான்கு வார்த்தை பேசாத எங்கள் பையன் ஒருவன் வில்லனாக மேடையேறி, ஊர்த் தண்ணீரையும் ஊர்க் கரும்பையும் பழித்துப் பேசினான். ஒரு பாட்டி சீமாறை எடுத்துக்கொண்டு மேடைவரை வந்துவிட்டார். அவன் திரைக்குப் பின்னால் வந்ததும் உட்கார்ந்து அழுதான். பயத்தில் என்று நினைத்தேன். தன் பேச்சை அத்தனை பேர் நம்பினார்கள் என்ற சந்தோஷமாம்.

அன்று மேடையைப் பிரிக்கும்போது ஒரு பெரியவர் வந்து, பலகைகளைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங்க தம்பி, அடிக்கிறது நிஜம்தானுங்களா?”

எல்லா ஊரிலும் கேட்கிறார்கள். 1989இல் நியூஜெர்சி மாநில மேலவையிடம், இது போட்டியல்ல, கேளிக்கைதான் என்று அந்தப் பெரிய நிறுவனமே ஒப்புக்கொண்டுவிட்டது. விளையாட்டு வாரியத்தின் கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் விடுபட அது வேண்டியிருந்தது. அதனால் முடிவு யாருடையது என்பது முன்பே தெரியும் என்பதில் இரகசியம் ஒன்றும் இல்லை. ஆனால் பெரியவர் கேட்டபோது எனக்கு நியூஜெர்சி நினைவுக்கு வரவில்லை. வெள்ளக்கோவில் பக்கம் அம்மாவின் ஊர் நினைவுக்கு வந்தது.

அங்கே உடுக்கையடித்து அண்ணன்மார் கதை பாடுவார்கள். இரவிரவாகப் பாடி, கடைசியில் படுகளம். பொன்னரும் சங்கரும் மாண்ட இடத்தைப் பாடும்போது ஆண்கள் வெட்டுண்டவர்களைப் போல் சாய்வார்கள். வரிசையாகக் கிடத்தி வெள்ளைத் துணி போர்த்துவார்கள். பிறகு தங்காள் தீர்த்தம் தெளித்து எழுப்புவாள். அங்கே கிடக்கிறவர் பிணமல்ல என்பது ஊருக்குத் தெரியும். ஆனாலும் ஊர் முழுக்க அழும். எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது என் மாமா படுகளத்தில் விழுந்ததைப் பார்த்தேன். கட்டை சாய்வதுபோல் பின்னோக்கிச் சாய்ந்தார். மற்றவர்கள் மாமாவைப் பார்த்தார்கள், நான் மாமாவுக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்துவிட்டேன். ஒரு வேட்டியை இரண்டாக மடித்துத் தரையில் போட்டு, குந்தி உட்கார்ந்து, மாமாவின் பிடரி மண்ணில் படுவதற்கு ஒரு விரல்கடைக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டிப் பிடித்தார். பிறகு நகர்ந்து அடுத்தவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். அவர் யார், எந்த வீட்டுக்காரர் என்று எனக்குத் தெரியாது. அந்த உள்ளங்கை மட்டும் அப்படியே கண்ணில் நிற்கிறது.

பெரியவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: “விழுவது நிஜம்ங்க.”

இனி ஐந்தாம் பலகை.

2019 ஆவணி. ஒரு கல்யாண மண்டபத்தில் டிக்கெட் போட்டு ஆட்டம். மதியம் இரண்டு மணிக்குக் கூடம் கையில் கிடைக்கும் என்று பேச்சு. காலையில் நடந்த கல்யாணத்தின் பந்தி முடிந்து, நாற்காலிகளை எடுத்து, எங்களை உள்ளே விட்டபோது மணி நாலரை. ஏழு மணிக்குக் கதவு திறக்க வேண்டும். மேடை கட்ட எனக்கு நான்கு மணி நேரம் வேண்டும். இரண்டரை மணியில் கட்டினேன். குறுக்கு உத்திரத்தின் நடு இணைப்பில் நான்கு போல்ட்டில் இரண்டை ஸ்பேனரால் முறுக்கிவிட்டேன், இரண்டைக் கையால் திருகிவிட்டேன். திரும்ப வந்து முறுக்கலாம் என்றிருந்தேன். அதற்குள் மைக் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டார்கள். போனேன். திரும்பி வந்தபோது பலகை போட்டு, ஃபோம் விரித்து, கித்தானை இழுத்துக் கட்டிவிட்டிருந்தார்கள். அந்த இரண்டையும் நான் மறந்தே போனேன்.

மூன்றாவது ஆட்டம் கோபிச்செட்டிபாளையத்துத் தம்பியுடையது. கரும்புக்காட்டில் வளர்ந்தவன், எங்களிடம் இருந்தவர்களில் மிகச் சுத்தமாக விழுகிறவன். மூலைக் கம்பத்தின் உச்சியில் ஏறி, கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, நடுமேடைக்குத் தாவினான். இறங்கும்போது காலூன்றிப் பிறகு சாய வேண்டும். அவன் கால் ஊன்றிய இடம் ஐந்தாம் பலகையின் உள்மூலை. அந்த மூலை ஓர் அங்குலம், அவ்வளவுதான், கீழே இறங்கியது.

எனக்குச் சத்தத்தில் தெரிந்தது. மேடை எப்போதும் ‘தொம்’ என்று பேசும். அன்று ‘டக்’ என்றது.

நடுவர்த் தம்பி குனிந்தார். வழக்கம்போல் கையைப் பிடித்தார். நலமாக இருப்பவன் பதிலுக்கு அழுத்துவான். பிறகு எழுந்து, தலைக்கு மேலே இரண்டு கைகளையும் குறுக்காக வைத்துக் காட்டினார். இந்த ஆட்டத்தில் உலகம் முழுவதும் அதற்கு ஒரே அர்த்தம்: நடிப்பு இல்லை, உண்மையாகவே அடிபட்டிருக்கிறது. கூட்டத்துக்கு அது தெரியாது. விசில் அடித்தார்கள்.

அதற்கடுத்த நிமிடத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எதிரே நின்ற வில்லன், அந்த மாவுமில் பையன், கணநேரம் உறைந்து நின்றான். பிறகு மேடையிலிருந்து குதித்து நேரெதிர்ப் பக்கத்துக்கு ஓடி, அங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களோடு சண்டை இழுக்கத் தொடங்கினான். நாற்காலியை உதைத்தான், மீசையை முறுக்கினான், ஊரைத் திட்டினான். மொத்தக் கூட்டமும் அவன் பக்கம் திரும்பியது. அந்த இடைவெளியில் நானும் மாஸ்டரும் அக்காவும் தம்பியைத் தூக்கித் திரைக்குப் பின்னால் கொண்டுவந்தோம். கணுக்கால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா தான் தைத்த கால்சட்டையைத் தானே கத்தரியால் கீறினார். வெளியே வில்லனின் குரல் நடுங்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. இவனைப் பற்றிக் கேட்க அவனுக்கு அரை மணி நேரம் வாய்ப்பே கிடைக்கவில்லை.

மருத்துவமனையில் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்கள். அறுவை சிகிச்சை முடிந்து இன்னொரு படம். முறிந்த எலும்பின்மேல் ஒரு தகடு, அதில் ஆறு திருகுகள். உத்திரம் சேரும் இடத்தில் நான் வைக்கிற தகடும் இதே வடிவம்தான், இதேபோல் வரிசையாகத் துளை போட்டது. அந்த மருத்துவர் ஆறையும் முழுதாக முறுக்கியிருந்தார்.

தம்பியின் அம்மா கோபியிலிருந்து கடைசி பஸ் பிடித்து வந்தார். வராந்தாவில் என்னைப் பார்த்து, “மேடை கட்டுகிற அண்ணன் நீங்கதானுங்களா?” என்றார். ஆமாங்க என்றேன். “உங்க மேடையில் ஏறினால் பயமே இருக்காதுன்னு எப்போதும் சொல்லுவானுங்க” என்றார். அவர் என்மீது மண்ணை வாரித் தூற்றியிருந்தால் அந்த இரவைக் கடந்திருப்பேன். இரண்டு போல்ட்டைப் பற்றி அவரிடம் அங்கேயே சொன்னேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, சாப்பிட்டீர்களா என்று கேட்டார்.

மாஸ்டரிடமும் பையன்களிடமும் மறுநாள் சொன்னேன். மேடையை விற்றுவிடலாம் என்றும் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “இந்த மேடை எப்படி உடையும் என்று தெரிந்த ஒரே ஆள் நீங்கதானுங்கண்ணா” என்றார்.

2020 மார்ச்சில் எல்லாம் நின்றது. பையன்கள் பனியன் கம்பெனிக்கும் நூல் மில்லுக்கும் போனார்கள். மேடை என் பட்டறையின் பின்சுவரில் இரண்டு வருடம் சாய்ந்து கிடந்தது. அந்த இரண்டு வருடத்தில் நான் அதை முழுக்கத் திருத்தினேன். சாதாரண நட்டை எல்லாம் மாற்றி, அதிர்வில் கழலாத நைலான் வளையம் வைத்த நட்டுகள் போட்டேன். ஒவ்வொரு இணைப்புத் தகட்டையும் அரை அங்குலம் நீட்டினேன். முழுதாக முறுக்கிய பிறகு, போல்ட் தலையிலிருந்து தகடுவரை மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு. கோடு உடைந்திருந்தால் போல்ட் அசைந்திருக்கிறது என்று பொருள். ரயில், ஆலை எந்திரங்களில் எல்லாம் செய்வதுதான், பட்டறைக்காரனான எனக்கு முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும். நாற்பது எண்ணி முடிக்கும்வரை ஒரு பலகையும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்று விதி வைத்தேன். கூடம் தாமதமாகக் கிடைத்தால் ஆட்டத்தைத் தள்ளிப்போடுவோம், இல்லாவிட்டால் காசைத் திருப்பிக் கொடுப்போம். இரண்டு முறை கொடுத்திருக்கிறோம். இரண்டு முறையும் டீசல் செலவுகூட எங்களுக்கு நிற்கவில்லை, அதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. ஐந்தாம் பலகையில் விரிசல் எதுவும் இல்லை. மாற்ற வேண்டிய அவசியமே கிடையாது. ஆனால் அதைத் தூக்கும்போது அந்த மூலையை என் கையால் தடவிப் பார்த்துவிட்டு வைக்க வேண்டும் எனக்கு.

கோபித் தம்பி 2022 தை மாதம் பல்லடத்து ஷெட்டுக்குத் திரும்பி வந்தான். வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்லும் உரிமை எனக்கில்லை. மறுபடியும் நார் மெத்தையிலிருந்து தொடங்கினான். மாஸ்டர் அவனுக்கு மூன்று மாதத்துக்குப் பதில் ஆறு மாதம் வைத்தார்.

திரும்பி வந்த பிறகு அவனுடைய முதல் ஆட்டம் காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரில். மாலை நான்கு மணி, வெயில் இறங்காத நேரம், மைதானத்தில் எங்களைத் தவிர ஐஸ் வண்டிக்காரர் மட்டும். நாற்பதையும் எண்ணி முடித்து, பலகை போட்டிருந்தேன். ஃபோமும் கித்தானும் இன்னும் விரிக்கவில்லை. தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறினான். நேராக ஐந்தாம் பலகைக்குப் போனான். அது எங்கே இருக்கிறது என்று அவனுக்கு ஒருவரும் காட்டவில்லை. உள்மூலையில் நின்று மூன்று முறை குதித்தான். தொம், தொம், தொம். பிறகு மண்டியிட்டு, பலகைமேல் காதை வைத்து, உள்ளங்கையால் ஒரு அறை அறைந்து கேட்டான்.

“அண்ணா, இன்னும் அரைச் சுற்று கொடுக்கலாமாங்க?”

மஞ்சள் கோடு உடையாமல்தான் இருந்தது, அடியில் புகுந்து பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்திருந்தேன். இருந்தாலும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மறுபடி மேடைக்கு அடியில் நுழைந்தேன். மேலே அவன் நகராமல் அந்த மூலையிலேயே நின்றான். பலகையின் இடுக்கு வழியாக அவன் நிழல் என் கைமேல் விழுந்தது. முதல் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி, “இப்போது குதி தம்பி” என்றேன்.